தோளிலிருந்து இறங்கிய சுமை

1906-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்வே, ஆல்டூனா ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டி படுக்கைகளைக் கொண்டுபோக பேட்டரியில் ஓடும் தட்டு வண்டிகளை இறக்கியது. அந்த வண்டிக்குத் தூக்கத் தெரியாது. ஆட்கள் ஏற்றிவிட்டால் கொண்டுபோகும், இறக்கிக்கொண்டால் திரும்பி வரும். இன்று எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும், எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் கண்ணில் படுகிற ஃபோர்க்லிஃப்ட்டின் மூதாதை அதுதான்.

அடுத்த பத்தாண்டில் முதல் உலகப் போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, சுமை தூக்க ஆள் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்த ரான்சம்ஸ் நிறுவனம் சரக்கு நகர்த்தும் வண்டிகளையும் செய்யத் தொடங்கியது. 1917-இல் மிச்சிகன் மாநிலம் புகானன் ஊரில் வாகன ஆக்ஸில் தயாரித்துவந்த கிளார்க் தொழிற்சாலை, ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் பொருள்களைக் கொண்டுபோக 'டிரக்டிராக்டர்' என்ற வண்டியைத் தன் சொந்த உபயோகத்துக்காகச் செய்துகொண்டது. வேலை விஷயமாக அங்கே வந்துபோனவர்கள் அதைப் பார்த்துவிட்டு எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். மறு ஆண்டே அது விற்பனைக்கு வந்துவிட்டது.

1923-இல் யேல் நிறுவனத்தின் வண்டிக்கு முன்னால் இரண்டு இரும்பு முட்களும், அவை ஏறி இறங்க ஒரு கம்பமும் வந்து சேர்ந்தன. ஃபோர்க், மாஸ்ட் என்று இன்று பட்டறையில் எல்லோரும் சொல்கிற இரண்டும் அவைதான். சுமையைத் தரையிலிருந்து தானே எடுத்து உயரத்தில் வைக்கும் வண்டி அப்போதுதான் உருவானது. அதற்கு ஒரு துணை தேவைப்பட்டது. முள் நுழைய அடியில் இடம் விட்ட மரப்பலகை, அதாவது பேலட். 1930-களில் இரண்டும் ஜோடி சேர்ந்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 13,000 பெட்டி டின் உணவு ஏற்றிய ஒரு ரயில் பெட்டியைக் கையால் இறக்க மூன்று நாள் ஆயிற்று, அதே சரக்கு பேலட்டில் வந்தால் நாலு மணி நேரம் போதும் என்று 1931-இல் ஒரு ரயில்வே தொழில் இதழ் எழுதியது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் இந்த ஜோடியைக் கடல் கடந்து கொண்டுபோயின. குண்டும் எரிபொருளும் உணவும் பேலட்டில் ஏறி பசிபிக் தீவுகள்வரை போயின. போர் முடிந்து படைகள் கிளம்பியபோது ஆஸ்திரேலியாவில் விட்டுப்போன பேலட்டுகளையும் வண்டிகளையும் நிர்வகிக்க அந்த நாட்டு அரசு ஓர் அமைப்பையே ஏற்படுத்தியது. இன்று உலகம் முழுக்க நீல நிற பேலட்டுகளை வாடகைக்கு விடும் 'செப்' நிறுவனத்தின் தொடக்கம் அது. 1956-இல் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 கன்டெய்னர்களோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. கன்டெய்னர் யுகம் பிறந்ததும், அதன் வயிற்றுக்குள் நுழைந்து சரக்கை அள்ளி வர ஃபோர்க்லிஃப்ட் இல்லாமல் ஆகாது என்ற நிலை வந்தது. ஜப்பானில் டொயோட்டா, ஜெர்மனியில் லிண்டே, யுங்ஹைன்ரிச், இந்தியாவில் 1960-களில் கோத்ரெஜ் என்று ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள்.

இந்த வண்டி மனிதனுக்குச் செய்த நன்மையைக் குறைத்துப் பேசக் கூடாது. நம்மூர் மண்டிகளிலும் துறைமுகத்திலும் நூறு கிலோ சாக்கு மூட்டையை முதுகில் வாங்கிப் பலகை மேல் ஏறியவர்களின் கழுத்தும் முழங்காலும் நாற்பது வயதிலேயே தேய்ந்துபோயின. வளர்ந்த ஓர் ஆண் வழக்கமாகத் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்ததே 1967-இல்தான். அந்த வரம்பு காகிதத்தில் இருக்க, மூட்டை முதுகில்தான் இருந்தது. லோடுமேன்களின் முதுகெலும்பை நிஜமாகக் காப்பாற்றியது ஃபோர்க்லிஃப்ட். ஆனால் தோளை விட்டு இறங்கிய சுமை மறைந்துவிடவில்லை. இரண்டு டன்னாகத் திரண்டு, சக்கரத்தின் மேல் ஏறி, மனிதன் நடக்கும் அதே தரையில் ஓடத் தொடங்கியது. இந்த வண்டியால் கால் இழந்தவர்களின் கதை, உயிர் இழந்தவர்களின் கதை, எல்லாமே அந்தத் தரையைப் பங்கு போட்ட விதத்தில்தான் இருக்கிறது.

வண்டி எப்படி நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் எப்படி விழுகிறது என்பதும் புரிந்துவிடும். கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தாங்குகால், ஒரு முனையில் தண்ணீர்ச் சால், மறுமுனையில் ஏற்றக்காரர் நடந்து கொடுக்கும் எடை. ஃபோர்க்லிஃப்ட்டில் தாங்குகால் முன்சக்கர ஆக்ஸில். சால் இருக்கும் இடத்தில் பேலட். ஏற்றக்காரர் நிற்கும் இடத்தில், வண்டியின் பின்பக்கம், ஒரு பெரிய வார்ப்பிரும்புக் கட்டி. கவுன்டர்வெயிட் என்பது இதுதான். இரண்டரை டன் தூக்கும் வண்டி தானே மூன்றரை முதல் நான்கு டன் எடை இருப்பது இதனால்தான். பார்ப்பதற்குக் காரைவிடச் சின்னதாக இருக்கும். எடையோ மூன்று, நான்கு கார்களுக்குச் சமம்.

ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தகடு பொருத்தியிருப்பார்கள். 2,500 கிலோ, 500 மில்லிமீட்டர் என்று அதில் இருக்கும். சுமையின் எடைமையம் ஃபோர்க்கின் நெட்டுப் பகுதியிலிருந்து அரை மீட்டருக்குள் இருந்தால் மட்டுமே இரண்டரை டன் என்று பொருள். நீளமான பெட்டி வந்து எடைமையம் முக்கால் மீட்டருக்குத் தள்ளிப்போனால் அதே வண்டி பாதுகாப்பாகத் தூக்குவது சுமார் இரண்டு டன்தான். எத்தனையோ கிடங்குகளில் இந்தத் தகட்டின் மேல் பெயின்ட் படிந்திருக்கும், கிரீஸ் அப்பியிருக்கும், அல்லது தகடே இருக்காது. பெட்டியின் எடை ஓட்டுநருக்குத் தெரியாது. தூக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

அப்போது நடப்பது இது. முள் உள்ளே போகிறது, மாஸ்ட் இழுக்கிறது, பெட்டி அசையாமல் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்புகிறது. பக்கத்தில் நிற்கும் ஹெல்பர் பையன், "அண்ணே, இருங்க, நாங்க ரெண்டு பேரு பின்னால ஏறி நிக்கிறோம், தூக்குங்க" என்கிறான். இருவர் கவுன்டர்வெயிட்டின் மேல் ஏறி, மேற்கூரைக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள். பின்சக்கரம் இறங்குகிறது, பெட்டி எழும்புகிறது, எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு. அவர்கள் உடம்பே எதிர் எடை ஆகிவிட்டது. வண்டி பத்தடி நகர்ந்து ஒரு பள்ளத்தில் குலுங்கினால் முதலில் தூக்கி எறியப்படுவது அந்த இருவர்தான். பெட்டி சரிந்து வண்டி சட்டென்று பின்னால் அமர்ந்தால் அதன் கீழே இருப்பதும் அவர்கள்தான். வேலை முடிந்தால் போதும் என்று நினைத்து இதைக் கண்டும் காணாமல் விடும் சூப்பர்வைசர்தான் இந்த விபத்தின் முதல் காரணம். ஏறிய பையன் இல்லை.

முன்பக்கமாக மட்டும் அது கவிழ்வதில்லை. வண்டிக்கு நான்கு சக்கரம் இருந்தாலும் அது நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல். முன்சக்கரங்கள் இரண்டும் இரு மூலைகள், பின் ஆக்ஸில் நடுவில் அசையும் முளை மூன்றாவது மூலை. வண்டியும் சுமையும் சேர்ந்த எடைமையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். சுமையை உயரத் தூக்கியபடியே திருப்பினால் மையம் மேலே போய், பக்கவாட்டில் விலகி, எல்லையைத் தாண்டிவிடும். காலி வண்டியை வேகமாகத் திருப்பினாலும் இதே கதிதான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் முள்ளைத் தூக்கிக்கொண்டு ஓட்டாதே என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

வண்டி சாயும்போது உடம்பு என்ன செய்யும்? வெளியே குதிக்கப் பார்க்கும். அந்த இயல்புதான் ஆளைக் கொல்கிறது. ஓட்டுநர் குதிக்கும் பக்கத்துக்கே வண்டி சாய்கிறது, அவர் தரையைத் தொடும் அதே நொடியில் தலைக்கு மேல் இருந்த கூரைச் சட்டகம் வந்து அவர் மேல் விழுகிறது. உட்கார்ந்து ஓட்டும் வண்டி கவிழ்ந்தால் குதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, விழும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து உள்ளேயே இருக்க வேண்டும். பின்பக்கம் திறந்த, நின்று ஓட்டும் வண்டிக்கு விதி வேறு, அதில் பின்னால் இறங்கி விலகிவிடலாம். இந்த வித்தியாசம் ஓர் உயிர். அதை யாரும் நொடிப் பொழுதில் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. முன்கூட்டியே உடம்புக்குப் பழக்கியிருக்க வேண்டும், இடுப்பில் பெல்ட் இருக்க வேண்டும். வண்டி கவிழும்போது ஓட்டுநரை உள்ளேயே பிடித்து நிறுத்தும் இருக்கையைக் கிளார்க் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1983-இல். டிரக்டிராக்டர் பிறந்து 66 ஆண்டுகள் கழித்து.

ஓட்டுநருக்குப் பெல்ட் உண்டு, கூரை உண்டு. நடந்து போகிறவருக்கு எதுவும் கிடையாது. இந்த வண்டியின் ஸ்டியரிங் பின்சக்கரத்தில் இருக்கிறது. அதனால் முன்பக்கம் இடதுபுறம் திரும்பும்போது பின்பக்கம் வலதுபுறம் வீசி அடிக்கும். கார் ஓட்டத் தெரியும் என்பதற்காகச் சாவியைக் கையில் கொடுத்தால் முதலில் ஏமாற்றுவது இந்த வீச்சுதான். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில், வண்டிக்கும் ரேக்குக்கும் நடுவில் நின்றவர்கள் நசுங்குவது அப்படித்தான். முன்னால் மாஸ்ட்டும் சங்கிலியும் ஹைட்ராலிக் குழாயும் பார்வையை மறைக்கின்றன. பேலட் உயரமாக இருந்தால் எதிரே ஆள் நிற்பதே தெரியாது. மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது மெதுவாகத் தோன்றும். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய மூன்று மீட்டர் வந்துவிடும், அதுவும் ஆறேழு டன் எடையோடு.

அதிகம் பேசப்படாத காயம் பாதத்தில் ஏற்படுவது. பாதுகாப்பு ஷூ போட்டிருந்தாரே, பிறகு எப்படி என்று கேட்பார்கள். தரமான ஷூவின் இரும்புத் தொப்பி, 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடியைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. அது மூடுவது விரல்களை மட்டும். சுமையோடு வரும் வண்டியின் ஒவ்வொரு முன்சக்கரமும் தரையில் அழுத்துவது இரண்டரை டன்னுக்கு மேல். சக்கரம் புறங்காலில் ஏறினால் எலும்பு மட்டும் உடைவதில்லை. தோலும் சதையும் ரத்தக்குழாயும் எலும்பிலிருந்து உரிந்து வந்துவிடும். ஒட்டவைக்க முயன்று, பல வாரம் கழித்துச் சீழ் பிடித்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிய நிலைமை வருவதுண்டு.

இவற்றை அமெரிக்கா எண்ணிப் பார்த்தது. 1980 முதல் 1994 வரை ஃபோர்க்லிஃப்ட் விபத்துகளில் 1,021 தொழிலாளர்கள் இறந்ததாக அந்நாட்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் 1999-இல் வெளியிட்ட எச்சரிக்கை சொல்கிறது. வண்டி கவிழ்ந்து இறந்தவர்கள் 22 சதவீதம். நடந்து போகும்போது வண்டி மோதி இறந்தவர்கள் 20 சதவீதம். வண்டியால் நசுங்கி இறந்தவர்கள் 16 சதவீதம். வண்டியிலிருந்து விழுந்தவர்கள் 9 சதவீதம். ஆண்டுதோறும் ஏறத்தாழ நூறு பேர் இறக்க, 20,000 பேர் படுகாயம் அடைகிறார்கள் என்றும் அது கணக்கிட்டது. ஒரு மரணத்துக்குப் பின்னால் இருநூறு படுகாயங்கள். செய்தியாவது அந்த ஒன்று மட்டுமே. மீதி இருநூறு பேர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வண்டி சம்பந்தப்பட்ட ஒரு பெரும் விபத்து கிடங்குக்கு வெளியே நிகழ்ந்தது. 1979 மே 25 அன்று சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 191 என்ற டிசி-10 விமானத்தின் இடது எஞ்சின் ஓடுபாதையிலேயே பிய்த்துக்கொண்டு போனது. விமானத்தில் இருந்த 271 பேரும் தரையில் இருவரும் இறந்தார்கள். இரண்டு மாதம் முன்பு டல்ஸாவில் நடந்த பராமரிப்பில், எஞ்சினையும் அதைத் தாங்கும் பைலனையும் தனித்தனியாகக் கழற்றாமல் ஒன்றாகவே, ஏறத்தாழ ஆறு டன் எடையை, ஃபோர்க்லிஃப்ட்டில் தாங்கிக் கழற்றி மாட்டியிருந்தார்கள். அப்படிச் செய்தால் ஒரு விமானத்துக்குச் சுமார் 200 ஆள்-மணி மிச்சம். மில்லிமீட்டர் துல்லியம் வேண்டிய வேலைக்கு மாஸ்ட்டின் ஏற்ற இறக்கம் போதவில்லை. பைலனின் விளிம்பில் 10 அங்குல விரிசல் விழுந்தது, யார் கண்ணிலும் படவில்லை. இதே முறையில் பராமரித்த வேறு சில டிசி-10 விமானங்களிலும் பிறகு விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அன்று வண்டியை ஓட்டியவர் சொன்ன வேலையைச் செய்தார். அந்த வேலைக்கு அந்த வண்டி போதும் என்று முடிவு செய்தது நேரத்தை மிச்சம் பிடித்த கணக்கு.

அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் ஓஷா அமைப்பு 1998 டிசம்பரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் பயிற்சி விதியை இறுக்கியது. வகுப்பறைப் பாடம், வண்டியில் நேரடிப் பயிற்சி, அதே வேலையிடத்தில் மதிப்பீடு ஆகிய மூன்றும் முடிந்தால்தான் சாவி. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறுமதிப்பீடு. விபத்தோ, மயிரிழையில் தப்பிய சம்பவமோ நடந்தால் திரும்பவும் பயிற்சி. 18 வயது நிரம்பாதவர் ஓட்டவே கூடாது என்ற தடை அதற்கு முன்பே இருந்தது.

நம்மிடம் இந்த வண்டி பெருகியது கடந்த முப்பது ஆண்டுகளில். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்று வாகனத் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் வந்தன. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்திருந்த நிறுவனங்கள் பெரிய கிடங்குகளுக்கு மாறின. செங்குன்றம், பெரியபாளையம் பக்கம் வயல்வெளி நடுவே தகரக் கொட்டகைகள் எழுந்தன. ஓட்டுநர் ஒரு கான்ட்ராக்டரின் ஆள், ஹெல்பர் இன்னொரு கான்ட்ராக்டரின் ஆள், வண்டி வாடகைக்கு எடுத்தது, கிடங்கு வேறொருவருடையது. விபத்து நடந்தால் நால்வரும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இளைஞனுக்கு எச்சரிக்கைப் பலகையில் இருக்கும் தமிழும் புரியாது, ஆங்கிலமும் புரியாது. விசாரணை அறிக்கையில் கடைசியாக எழுதப்படுவது பெரும்பாலும் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்ற இரண்டு வார்த்தை.

அடிபட்டவரின் உடம்புக்கும் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு முள் முளைத்த அதே 1923-இல் இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் அட்டவணையில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதற்கு எண்கள் இருந்தன. கட்டை விரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. முழங்காலுக்குக் கீழே கால் போனால், மிஞ்சிய நீளத்தைப் பொறுத்து 50 அல்லது 60. இழப்பீட்டுக்கு இப்படி ஒரு அளவுகோல் இல்லாமல் முடியாது என்பது உண்மை. ஆனால் நின்றுகொண்டே செய்யும் வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஒருவருக்கு ஒரு கால் போனால் மீதி 40, 50 சதவீதத் திறனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கான்ட்ராக்டரின் பட்டியலில் அவர் பெயர் அடுத்த மாதமே இருக்காது. மனைவி வேலைக்குப் போகத் தொடங்குவார், மூத்த பிள்ளை படிப்பை நிறுத்துவான்.

இத்தனைக்கும் தடுக்கும் வழி யாருக்கும் தெரியாததல்ல, விலை உயர்ந்ததும் அல்ல. ஆளும் வண்டியும் ஒரே பாதையில் போகாமல் பிரிக்க வேண்டும். தரையில் மஞ்சள் கோடு மட்டும் போதாது, இடுப்பளவு இரும்புத் தடுப்பு வேண்டும். முனைகளில் குவிகண்ணாடி, வண்டிக்கு முன்னால் தரையில் விழும் நீல விளக்கு, பின்னால் வரும்போது ஒலிக்கும் ஹார்ன், வேகத்துக்குக் கட்டுப்பாடு. லாரி டாக்கில் நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை, டிரைவரின் சாவி கிடங்குக்காரர் கையில். வண்டி உள்ளே ஏறியிருக்கும்போது லாரி நகர்ந்து, இடைவெளியில் வண்டி விழுந்து இறந்தவர்கள் உண்டு. எடைத் தகடு படிக்கும்படி இருக்க வேண்டும், பெட்டியின் மேல் அதன் எடை எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இதைத் தூக்க முடியாது சார்" என்று ஓட்டுநர் சொன்னால் மறுநாள் அவருக்கு வேலை இருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிவதற்குள் இத்தனை லாரி அனுப்ப வேண்டும் என்ற கணக்கு நிற்கிற இடத்தில் எந்தப் பயிற்சியும் எடுபடாது.

நூறு ஆண்டுக்கு மேலாக இந்த வண்டியை மேம்படுத்தியவர்கள் அது எவ்வளவு தூக்கும், எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு குறுகிய சந்தில் திரும்பும் என்று யோசித்தார்கள். வண்டியைச் சுற்றி நடப்பவரைப் பற்றிய யோசனை எப்போதும் விபத்துக்குப் பிறகே வந்தது. அந்த வரிசையை நம்மால் மாற்ற முடியும். புதிய கிடங்குக்கு வரைபடம் போடும் பொறியாளர், ரேக்குக்கும் வண்டிக்கும் இடம் ஒதுக்குவதற்கு முன்பாக, ஆள் கேட்டிலிருந்து தன் இடத்துக்கும், அங்கிருந்து கழிவறைக்கும் கேன்டீனுக்கும் வண்டிப் பாதையை ஒருமுறைகூடக் கடக்காமல் நடந்துபோக வழி போடட்டும். அது முடியாத இடத்தில் கடப்பதற்கு ஒரே ஓர் இடம், அங்கே வண்டி நின்றுதான் போக வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் பார்க்க வேண்டியதும் அந்த வழியைத்தான். அந்த வழி இல்லாத கிடங்கில் ஒருவர் அடிபட்டால், காரணம் என்ற இடத்தில் ஓட்டுநர் பெயருக்கு முன்னால் கிடங்கை நடத்துபவரின் பெயர் எழுதப்பட வேண்டும்.